வாசப்படி மட்டம்

என் கணவருக்கு அப்போது இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். யாரும் தூக்காமல், யாரும் பின்னால் நின்று தள்ளாமல், தானாகத் தெருவுக்குப் போய்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். மறுபடி நடக்க வேண்டும், பழையபடி பைக் ஓட்ட வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஒரு டீ. அந்த ஒரு டீக்காகத்தான் சிதம்பரத்தில் இருந்த அவருடைய பழைய வீட்டை நான் தரையிலிருந்து கூரை வரைக்கும் உலுக்கி எடுத்தேன்.

மழையில் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தபோது வழுக்கி விழுந்து அவருக்கு முதுகெலும்பில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தொழில் மோட்டாருக்கு காயில் கட்டுவது. போர்வெல் மோட்டார், மிக்ஸி, ஃபேன் எது கருகினாலும் பிரித்துக் கம்பி சுற்றிக் கொடுத்துவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளிலேயே மடியில் பலகையை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். ஆனால் நாங்கள் இருந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. குறுகலான மாடிப்படி, நடுவில் ஒரு திருப்பம் வேறு.

கீழே இறங்க வேண்டும் என்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தூக்க வேண்டும். காடாம்புலியூரில் இருந்து என் தம்பி வருவான். அவன் பலாப்பழ மண்டி வைத்திருக்கிறவன், தூக்குவது அவனுக்கு ஒரு வேலையே இல்லை. "வாங்க மாமா, ஜம்முனு போலாம்" என்று சிரித்துக்கொண்டே குனிவான். இவரும் சிரிப்பார். ஆனால் நாற்காலி தரையை விட்டு எழும்பிய நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். கீழே வைக்கிற வரைக்கும் திறக்க மாட்டார். திருவந்திபுரத்தில் எங்கள் கல்யாணத்தன்று மலைப்படிகளை இரண்டிரண்டாக ஏறிய மனிதர் அவர். அந்த மூடிய கண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருக்கும். பெரும்பாலும் தம்பி மேல்தான் விழுவேன்.

நான் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். விசில் ஊதியும் கத்தியும் பழகின தொண்டை. முடியாது என்று யாராவது சொன்னால், ஏன் முடியாது என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. அதனால் ஒரு நாள் நானே சொல்லிவிட்டேன்: "சிதம்பரத்துக்கே போயிடலாம். நான் பஸ்ஸுல வந்து போறேன்." அவர் என்னை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "அந்த வீட்ல நான் எப்பிடி டீச்சர் இருக்கறது? ஒவ்வொரு கதவுக்கும் ஒரு மலை இருக்குதே" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். மேல வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது அந்த வீடு. முன்னால் தெரு, பின்னால் சந்து, இரண்டுக்கும் நடுவே ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். முன் அறை, கூடம், முற்றம், இரண்டு பக்கமும் அறைகள், கடைசியில் சமையல்கட்டு. எல்லாக் கதவு நிலையும் தேக்கு. ஒவ்வொரு நிலைக்கும் கீழே குறுக்குக் கட்டை, அதுதான் வாசப்படி, முக்கால் அடி உயரம். காலைத் தூக்கித் தாண்டித்தான் எந்த அறைக்குள்ளும் போக வேண்டும். இரண்டு கால் இருக்கிறவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. சக்கர நாற்காலிக்கு ஒவ்வொன்றும் ஒரு செக்போஸ்ட்.

இன்னொரு கூத்தும் அந்த வீட்டில் இருந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது தெருவிலிருந்து கல்படிகள் ஏறித்தான் வீட்டுக்குள் போவோம். அப்புறம் ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் அதன் மேலேயே. கல்படிகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் போய்விட்டன. கடைசியில் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது. மழை பெய்தால் தெருவில் நின்ற தண்ணீர் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். வீட்டுக்குள் வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கூடத்திலேயே நிற்கும். மாமியார் அந்த வீட்டில் தனியாக இருந்து, பக்கெட்டில் மொண்டு மொண்டு கொல்லையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு எஞ்சினியரை அழைத்து வந்து காட்டினேன். நல்ல பையன், செல்போனில் வீடு முழுக்கப் படம் எடுத்தான். "இடிச்சிட்டு புதுசா கட்டிடலாம் மேடம், அதான் சுலபம்" என்றான். நான் சுவரைத் தட்டிக் காட்டினேன். ஒரு முழத்துக்கு மேல் கனமான சுவர், ஒரு விரிசல் இல்லை. வெயில் காலத்தில் உள்ளே வந்தால் ஃபேன் இல்லாமல் தூங்கலாம். இதை இடித்துவிட்டு ஒற்றைக்கல் சுவர் கட்டி ஏ.சி. போட வேண்டுமா என்று கேட்டேன். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே, அது முடியுமா என்றும் கேட்டேன். பழைய செங்கல், சுண்ணாம்புக் கட்டு, நம்பித் தூக்க முடியாது என்றான். "அப்ப வாசப்படிய எல்லாம் அறுத்து எடுத்திடலாம் மேடம். தரையை மட்டும் டைல்ஸ் போட்டுக்கலாம்" என்றான். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அத்தையிடம் சொன்னேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செவுத்த இடி. ஜன்னல மாத்து. மாடியில ரூம் போடு. எனக்கு ஒண்ணியும் இல்ல. வாசப்படியில மட்டும் கை வைக்கக் கூடாது."

"உள் ரூமுங்கள மட்டுமாவது அறுக்கலாமா அத்தை?"

"உள் ரூம அறுத்தா நாளைக்கி தெருவாசலயும் அறுப்பீங்க. எனக்குத் தெரியாதா உன்ன?"

தெருவாசல் படியில் அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசி, குங்குமம் வைப்பார். லட்சுமி உட்காருகிற இடம் அது. மிதிக்கக் கூடாது, உட்காரக் கூடாது, அதன் மேல் நின்றுகொண்டு எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது. எங்கள் பக்கத்திலும் உண்டுதான். ஆனால் அத்தை அளவுக்கு யாரும் காவல் காத்து நான் பார்த்ததில்லை. "உங்க பையன் தாண்டிப் போக முடியாதே அத்தை" என்றேன். கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. "தெரியுது. ஆனா அத அறுத்தா நான் என் துணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குக் கடலூர் பஸ்ஸில் வந்து உட்கார்ந்ததிலிருந்து புவனகிரி தாண்டுகிற வரைக்கும் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

மற்ற எதிலும் அவர் குறுக்கே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவர ஒரே இடம், நெல் மூட்டை போடுகிற அறை. அது சாமி அறைக்கு ஒட்டின அறை. நான் ஒரு வாரம் எப்படிச் சொல்வது என்று தவித்துவிட்டுப் போய்ச் சொன்னால், "அதுக்கென்னா, சாமிய நான் கூடத்துக்குத் தூக்கிட்டுப் போறன். அவரு எங்க வச்சாலும் இருப்பாரு. எம் புள்ளைக்குத்தான் அவசரம்" என்று படங்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அந்த அறையில் அகலக் கதவு, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, வழுக்காத டைல்ஸ் எல்லாம் வைத்துக் கட்டினோம். என் மகளுக்கு மாடியில் ஓர் அறை, அவள் கேட்டபடி வேகமான இண்டர்நெட். வயரிங்கை முழுக்க மாற்றினோம். பழைய சுவரை வெட்டினால் உதிரும் என்பதால் குழாயை வெளியிலேயே ஓட்டினோம். அதில் எந்த ஸ்விட்ச் எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று என் கணவர் கடலூரில் உட்கார்ந்தபடி படம் போட்டுக் கொடுத்தார். எல்லாம் உட்கார்ந்திருக்கிறவரின் கைக்கு எட்டுகிற உயரம். சமையல் மேடையையும் ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டினோம், வெங்காயம் நறுக்குகிற வேலை அவருடையது என்பதால்.

இவ்வளவும் ஆகியும் படிப் பிரச்சினை அப்படியே நின்றது. ஒவ்வொரு படிக்கும் முன்னும் பின்னும் மரப்பலகை போட்டுச் சரிவு செய்து பார்த்தோம். கூடத்தில் பாதி இடத்தைப் பலகைதான் பிடித்தது. அதில் நானே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்தேன். கைப்பந்து ஆடின என் தோளுக்கே மூச்சு வாங்கியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை நான் சிதம்பரத்தில் இருந்தேன். காலையிலிருந்து ஊற்றியது. மத்தியானம் தெரு நிறைந்து, தண்ணீர் வீட்டுக்குள் இறங்க ஆரம்பித்தது. நானும் அத்தையும் சாமான்களை மேலே ஏற்றிவிட்டுக் கட்டிலின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கூடம் குளமாகிவிட்டது. பாத்ரூமிலிருந்து ஒரு பச்சை பிளாஸ்டிக் ஜக்கு மிதந்து வந்தது. கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் நேராக அறை வாசலுக்குப் போய், எந்த இடத்திலும் முட்டாமல், வாசப்படிக்கு மேலே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

நான் கட்டிலிலிருந்து தண்ணீரில் குதித்தேன். அத்தை பயந்துவிட்டார். "பாம்பு எதுனா வந்துதா?" என்றார்.

பாம்பு இல்லை. விஷயம் அவ்வளவு சுலபமாக இருந்ததைப் பார்த்துத்தான் குதித்தேன். படியை ஏன் இறக்க வேண்டும்? தரையை ஏற்றினால் போதுமே. எப்படியும் ரோடு உயரத்துக்குத் தரையை உயர்த்தினால்தான் மழைத்தண்ணீர் உள்ளே வராது. அந்தத் தரையை எல்லா அறையிலும் வாசப்படியின் மேல்மட்டத்துக்குச் சரியாகக் கொண்டுவந்துவிட்டால் படி இருக்கும், தடுக்காது. ஒரு கட்டையையும் அறுக்க வேண்டாம். கெண்டைக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அத்தையிடம் சொன்னேன். அவர் ஜக்கு போன அறை வாசலை எட்டிப் பார்த்தார். "அறுக்க மாட்ட இல்ல?" என்றார். "தொடவே மாட்டோம்." "அப்ப செய்யி" என்றார்.

மறுநாள் காட்டுமன்னார்கோயிலில் இருந்து வரும் மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் நிலையின் மேல்கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தரை ஏறும், நெலக்கதவு ஏறாதேம்மா. தலை இடிக்கும்." நான் போய்ப் படியின் மேலேயே நிற்பது போல ஒரு பலகையில் நின்று பார்த்தேன். என் நெற்றிக்கு நேராக வந்தது மேல்கட்டை. "இடிச்சா குனிஞ்சிக்கலாம். குனியத் தெரியாதவங்க யாரு இங்க?" என்றேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

கிராவல் கொட்டி, இடித்து இறுக்கி, அதன் மேல் கான்கிரீட் போட்டோம். பாத்ரூம் தரை, கம்பி, சமையல் மேடை, ஸ்விட்ச் எல்லாவற்றையும் அதே அளவுக்கு மேலே ஏற்றி வைத்தோம். பழைய சிவப்புத் தரை அடியில் போனது. வழுவழுவென்று முகம் தெரிகிற தரை அது, எனக்கும் பிடிக்கும். அந்தச் சமயத்தில் பழைய வீடுகளைப் படம் எடுக்கிறவர் ஒருவர் பாண்டிச்சேரியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தரையப் போயி மூடறீங்களேம்மா, பாவம்" என்று வருத்தப்பட்டார். அவருக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தது. உள்ளே வரும்போது வாசப்படியை எவ்வளவு லாவகமாகத் தாண்டினார் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "தரை அடியில பத்திரமா இருக்கும் சார். எங்களுக்கப்பறம் யாருக்கு வேணுமோ தோண்டி எடுத்துக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

முன் அறைக்கும் கூடத்துக்கும் கான்கிரீட் போட்ட அன்றைக்குத்தான் எங்கள் கெட்டிக்காரத்தனம் வெளியே வந்தது. தெருவில் திரிகிற மாடு உள்ளே வந்து ஈரத்தில் மிதித்துவிடக் கூடாது என்று தெருக்கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு, படி மட்டத்துக்குத் தளம் போட்டு, எல்லோரும் பின்சந்து வழியாகப் போய்விட்டோம். காலையில் வந்து தாழை எடுத்து இழுத்தால் கதவு அசையவில்லை. அது உள்பக்கம் திறக்கிற இரட்டைக் கதவு. அதன் அடிப்பாகம் படியின் மேல்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே இறங்கி இருக்கும். நாங்கள் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு அதன் காலைக் கான்கிரீட்டில் புதைத்திருக்கிறோம். நானும் மேஸ்திரியும் ஆளுக்கொரு கதவைப் பிடித்து இழுத்தோம். ம்ஹூம்.

"இதக்கூட பாக்க மாட்டீங்களா மேஸ்திரி?" என்று நான் கத்தினேன்.

"லெவல் நீங்க சொன்னதுதானம்மா. கதவ சாத்தச் சொன்னதும் நீங்கதான்."

சொன்னது நான்தான். அதனால் இன்னும் கொஞ்சம் கத்தினேன். அத்தை கூடத்து மூலையில் புதுத் தளத்தின் மேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டு வேலை தொடங்கிய பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "கதவ அறுத்துக்கோ. கதவுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றார். தச்சர் வந்து நிலையிலிருந்து கதவைக் கழற்றி, எல்லாக் கதவின் அடியிலும் ஒரு பட்டை இழைத்து மாட்டிக் கொடுத்தார்.

வெளியே வாசலிலிருந்து ரோடு வரைக்கும் சிறிய சரிவு ஒன்று போட்டோம். மழைத்தண்ணீர் ஏறாதபடி உச்சியில் லேசாக ஒரு மேடு. அது போட்ட இரண்டொரு நாளில் நாங்கள் கடலூர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தம்பியும் அவன் ஆட்களும் கடைசித் தடவையாக இவரை மாடியிலிருந்து இறக்கினார்கள். கடைசித் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டார். சிதம்பரத்தில் முன்பக்கச் சரிவின் மேல் ஈரச் சாக்குப் போட்டிருந்ததால் வண்டியைப் பின்சந்தில் நிறுத்தி, கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்தார். அந்தக் கதவு நாங்கள் புதிதாக வைத்த இரும்புக் கதவு, அதற்குப் படி கிடையாது.

உள்ளே வந்தவர் தானாகச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிளம்பினார். சமையல்கட்டிலிருந்து முற்றத்தைச் சுற்றிக் கூடம், கூடத்திலிருந்து அறை, அறையிலிருந்து பாத்ரூம், திரும்பக் கூடம், அங்கிருந்து முன் அறை. எங்கேயும் தடுக்கவில்லை. எல்லா ஸ்விட்சையும் ஒரு தடவை போட்டு அணைத்தார். அவர் பின்னாலேயே போன தம்பி அறை வாசலில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டான். "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டான். இவர் திரும்பிப் பார்த்து, "மச்சான், இந்த வீட்ல குனியாம போற ஒரே ஆம்பள நான்தான், தெரிஞ்சிக்க" என்றார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அந்த வீட்டு வேலையில் பட்ட பாடெல்லாம் போய்விட்டது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அதை என் மகளிடம் வாய்விட்டும் சொன்னேன்.

சாக்கை எடுத்தாகிவிட்டது. சரிவு காய்ந்துவிட்டது. டீக்கடை தெருமுனையில், கதவைத் திறந்தால் பாய்லர் தெரியும். ஆனால் இவர் போகவில்லை. முதல் நாள் அவசரமாக ஒரு மோட்டார் கட்ட வேண்டும் என்றார். மறுநாள் வெயில் என்றார். அப்புறம் சட்டை அழுக்கு என்றார், கடையில் கூட்டம் என்றார், பால் டீ வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். காலையில் முன் அறைக்கு வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசப்படிக்கு ஒரு முழம் உள்ளேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அங்கேதான், சாயங்காலம் வந்தாலும் அங்கேதான். தெருவில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். கூச்சம் தெளியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி பலாப்பழத்தோடு வந்தான். முன் அறையில் பேப்பரைப் போட்டுப் பழத்தை வெட்டி, கையெல்லாம் பால் ஒட்டிக்கொண்டு இருந்தான். இவர் வழக்கம்போல வாசலுக்கு உள்ளே நின்று டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா மாமா, போயி ஒரு டீ அடிக்கலாமா?" என்றான் தம்பி.

"போலாம் மச்சான். என்னக் கொஞ்சம் தூக்கி வெளிய வச்சிடு" என்றார்.

சுளையை எடுத்துக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே போட்டேன். தூக்கி வை. அவர் வாயால். தம்பி எண்ணெய் தொட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்துவிட்டான். "தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்" என்றேன். அவன் அப்படியே நின்றான்.

"எதுக்குத் தூக்கணும்? வீடு பூரா மேடாக்கி வச்சிருக்கறன், மனுசன் மண்டையெல்லாம் ஒடையுது, எதுக்காக? ஒரு தள்ளு தள்ளினா வெளிய. என்னா கஷ்டம் உங்களுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மெதுவாகச் சொன்னார். "வாசப்படி டீச்சர்."

"அதான் தரையோட தரையா இருக்குதே."

"இருக்குது. அது மேல சக்கரத்த ஏத்தித்தான போவணும்? சின்ன வயசுல ஒரு தபா மிதிச்சேன், அம்மா வுட்டுச்சி பாரு ஒரு அறை. அதுக்கப்பறம் ஒரு நாளும் என் காலு அது மேல பட்டதில்ல. நானும் தெனம் பாக்கறன். கை சக்கரத்து மேல போவுது, தள்ள வரல."

மனிதர் சாமி கும்பிடுகிற ஆளே இல்லை. மார்கழித் தேர் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும்போதுகூட உள்ளே உட்கார்ந்து காயில் சுற்றுகிறவர். மற்ற அறைகளின் படிமேல் நாள் முழுக்க உருட்டிக்கொண்டு போகிறவர். அவருக்கு இது சாமி விஷயம் இல்லை, அம்மா விஷயம் என்பது எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் தோன்றவே இல்லை. "மேல ஒரு பலகையப் போட்டுடறேங்க" என்றேன். "அடியில அதுதான இருக்குது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதை எதையோ ஏற்றினேன், இறக்கினேன், இதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கூடத்தில் அத்தை இருந்தார் என்பதை நாங்கள் மூவரும் மறந்துவிட்டோம். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். எங்களைத் தாண்டித் தெருவாசலுக்குப் போனார். நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். முந்தின நாளைக்கு முந்தின நாள்தான் அவரே மஞ்சள் பூசிய படி அது. அதன் மேல் வலது காலை வைத்தார். பிறகு இடது காலையும் வைத்து, ஓரமாக ஒதுங்கி, கட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டார். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் செய்யாத காரியம். கால் விரல்களெல்லாம் மடங்கியிருந்ததைப் பார்த்தேன்.

"எம்மா, எறங்கும்மா" என்றார் இவர்.

"நானும் மிதிச்சிட்டன். எதுனா வந்தா எனக்கு வரட்டும். நீ போயி டீ குடிச்சிட்டு வா."

"அம்மா..."

"போடான்றன் இல்ல?"

அப்புறம் அவர் இரண்டு கையையும் சக்கரத்தில் வைத்தார். ஒரு தள்ளு. நாற்காலி அத்தையின் சேலையை உரசிக்கொண்டு படியின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சரிவில் உருண்டு தெருவுக்குப் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. கடைப்பக்கம் திரும்பினார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. நான் பின்னாலேயே ஓட, நிலைக்கு அடியில் குனிந்தேன். அத்தை கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"நீ எங்க போற?"

"ஆட்டோவெல்லாம் வருது அத்தை."

"வரட்டும். அவன் என்னா எல்.கே.ஜி.யா? வுடு, போயிட்டு வரட்டும்."

நானும் தம்பியும் உள்ளேயே நின்று எட்டி எட்டிப் பார்த்தோம். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள், அவர்களுக்கு நடுவில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. டம்ளரை நீட்டிய கை தெரிந்தது. நான் அழுதேன், நன்றாகவே அழுதேன், மூக்கைத் துடைத்துக்கொண்டே அழுதேன். தம்பி என்னைப் பார்க்காமல் பலாக்கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"எறங்குங்க அத்தை. அவரு போயிட்டாரு" என்றேன்.

"ஏறினது ஏறிட்டன். அவன் வரட்டும்" என்றார். நிலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

கடையில் அவருக்கு ஒன்றும் அவசரம் இல்லை. யாரோ ஏதோ சொல்ல, அவர் பதில் சொல்ல, பேப்பரை வாங்கிப் பார்க்க, நேரம் போய்க்கொண்டே இருந்தது. அத்தை ஒரு கால் மாற்றி ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றார். நாற்காலி கொண்டு வரவா என்று கேட்டதற்கு, படி மேலயா உக்கார வைக்கப் பாக்கற என்று என்னையே முறைத்தார்.

ஒரு வழியாக இவர் திரும்பி வந்தார். சரிவில் ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கினார், ஆனால் நிற்கவில்லை. படிமேல் சக்கரம் ஏறி உள்ளே உருண்டது. கூடத்துக்குள் போனவர் சக்கரத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"டீல சக்கர ஜாஸ்தி. நாளைக்கி கம்மியா போடச் சொல்லணும்."

அதைக் கேட்ட பிறகுதான் அத்தை படியிலிருந்து காலை எடுத்தார்.